கோட்டக்காவும் இரண்டாவது கோடும்

மூன்றாவது மாடியில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். இரண்டு கையிலும் இரண்டு குப்பிகளைப் பிடித்துக்கொண்டு, கழிவு ஊற்றும் கேன்களுக்கு முன்னால் நின்றேன். குப்பிகளின் மேல் எழுத்து. கேன்களின் மேலும் எழுத்து. எல்லாம் ஆங்கிலம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதில் தமிழ் மட்டும்தான் தங்கியது. மாற்றி ஊற்றினால் புகை கிளம்பும், தீயும் பிடிக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். யாரையாவது கேட்கலாம்தான். ஆனால், படிக்கத் தெரியாத பெண்ணை ஆய்வுக்கூடத்தில் யார் போட்டது என்று பேச்சு மேலே போய்விட்டால்? கடவுளை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

பக்கத்து அறையிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். “இங்க குடும்மா” என்று இரண்டையும் வாங்கி, இது இதில், அது அதில் என்று ஊற்றிவிட்டு, குப்பிகளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை போனால் அந்த மாடியே வேறு மாதிரி இருந்தது. குப்பி, கேன், டப்பா எல்லாவற்றிலும் கலர் டேப். சிவப்புக் குப்பி சிவப்புக் கேனுக்கு, பச்சை பச்சைக்கு. ஆராய்ச்சி செய்பவர்கள் வந்து சிரித்தார்கள்.

“என்னக்கா, பாலர் பள்ளிக்கூடம் ஆக்கிட்டீங்களே?”

“எனக்குக் கண்ணு மங்கிட்டே வருது. எழுத்து தெரியமாட்டேங்குது. கலர்னா தூரத்துலயே தெரியும்,” என்றார் அந்த அம்மா.

நானும் அதை நம்பினேன். பாவம், இந்த வயதிலேயே கண் போய்விட்டதே என்று தினமும் பிரார்த்தனையில் அவருக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். ஒரு வருடம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள், ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை ஊசித் துளைக்குள் ஒரே தடவையில் நுழைத்ததைப் பார்த்தேன். கண்ணாடி கூடப் போடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. பிரார்த்தனையில் அந்த வரியை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

அவரை எல்லோரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு வரைந்து கொடுப்பதுதான் அவர் வேலை. ஆராய்ச்சி செய்பவர்கள் தாங்கள் உண்டாக்கிய பொருளைச் சிட்டிகையளவு கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா அதை ஒரு சின்னச் செம்புத் தகட்டின் மேல் வைத்து, இயந்திரத்துக்குள் இறக்கி, திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைப்பார். பிறகு அதன் வழியாக வெளிச்சம் போகும். எந்த நிறத்தை அந்தப் பொருள் விழுங்கிக்கொள்கிறதோ, காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். சூட்டில் கோடு தடித்துக் கலங்கலாக இருக்கும், குளிரில் ஊசி போல நிற்கும். இருபத்தொன்பது வருடமாக அக்கா இந்த ஒரே வேலையைத்தான் செய்தார். அவர் கொடுத்த கோட்டை இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ச் சரிபார்த்தவர்கள் யாரும் இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

அவருடைய வீடு பேருந்தில் நாலு நிறுத்தம் தள்ளி. இரண்டு அறை, ஒரு சமையலறை. கல்யாணமாகி ஐந்தாம் வருடம் கணவர் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. எல்லோரும் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்றபோது, “இந்த அம்மாவை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?” என்று மாமியாரோடேயே இருந்துவிட்டார். மாமியாருக்குக் காது கேட்காது. ஆனால் வாய் நன்றாகக் கேட்கும் என்பார் அக்கா. ஒருமுறை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றுமுன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இன்னைக்கு எத்தனை கோடு?”

அக்கா விரலை மடக்கிக் காட்டினார். “பதினொண்ணு.”

“நேத்து பதினாலு காட்டினே?”

“நேத்து பதினாலு அத்தை. இன்னைக்குப் பதினொண்ணு.”

“குறைஞ்சிட்டே வருது. உன்னை வேலையைவிட்டு எடுக்கப்போறாங்க, பாரு,” என்று சொல்லிவிட்டு மாமியார் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தினமும் இதே கேள்வி, இதே பதிலாம். இருபது வருடத்துக்கு மேலாக.

எனக்கு அந்தக் கோடுகளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இருந்தது. ஒரு நாள் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏக்கா, நாள் முழுக்க அந்தக் கோட்டையே பார்த்துட்டு இருக்கீங்களே, அது என்னதான் சொல்லுது?”

“இந்த மாடிப்படியைப் பாரு. நீ இந்தப் படியில நிக்கலாம், அடுத்த படியில நிக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல நிக்க முடியாதில்ல? மூலக்கூறுக்குள்ளயும் அப்படித்தான். சக்திக்குப் படி இருக்கு. கீழ்ப்படியிலேருந்து மேல்படிக்கு ஒரு தாவல் தாவினா, எனக்கு ஒரு கோடு விழும்.”

“சரி.”

“சிலதுல ஒரே படியில ரெண்டு இடம் இருக்கும். இந்தக் கைப்பிடி ஓரமா நின்னாலும் அந்தச் சுவர் ஓரமா நின்னாலும் உயரம் ஒண்ணுதானே? ஏறுறதுக்கு ஆகிற சக்தியும் ஒண்ணுதான். அதனால இடம் ரெண்டா இருந்தாலும் கோடு ஒண்ணுதான் விழும்.”

“அப்ப அங்க ரெண்டு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“படியைச் சாய்க்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு நீங்க கஷ்டப்படவே வேண்டாம். மேலேருந்து ஏழாவது படி சாஞ்சுதான் கிடக்கு. தண்ணி பட்டா சுவர்ப் பக்கம் ஓடும். பத்து வருஷமா துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

அக்கா எழுந்து போய் ஏழாவது படியில் தன் பென்சிலை வைத்தார். அது மெல்ல உருண்டு சுவரில் போய் நின்றது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அதேதான். இப்ப இந்த ஓரம் ஒரு உயரம், அந்த ஓரம் ஒரு உயரம். இது மூலக்கூறா இருந்தா ரெண்டு கோடு விழும்.”

பேராசிரியர் இதைச் சம ஆற்றல் நிலைகள் என்பார். கோட்டக்காவும் நானும் ஏழாவது படி என்றுதான் பேசிக்கொள்வோம்.

அந்த மாடியில் ஆராய்ச்சி செய்தவர்களில் ஒரு பெண்ணுக்கு ஆறு வருடம் முடியப்போகிறது. சேர்ந்த புதிதில் யாரோ செல்லமாகச் சின்ன டாக்டர் என்று பேர் வைத்தார்கள். வருடம் ஏற ஏற அந்தப் பேர் முள்ளாகிவிட்டது. மூன்று வயதுக் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தினமும் மதியம் போனில் குழந்தை, “அம்மா, டாக்டர் ஆயிட்டியா?” என்று கேட்பது வராந்தா வரைக்கும் கேட்கும். “இன்னும் இல்லடா” என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போவாள்.

அவள் உண்டாக்கிய பொருள் பச்சையும் நீலமும் கலந்த ஒரு படிகம். சர்க்கரைத் துணுக்கு அளவுதான். ஐந்து வருடத்தில் உருப்படியாகத் தேறியது மூன்று. அதன் மூலக்கூறுக்கு மூன்று கைகளாம், மூன்றும் ஒரே நீளமாம். அதனால் அதில் ஏழாவது படி மாதிரியான ஒரு படி இருக்கிறது, ஆனால் சாயாத படி. குளிரவைத்தால் மூலக்கூறு தானாகவே ஒரு கையை நீட்டிக்கொள்ளும், படி தானாகவே சாயும், ஒரு கோடு இரண்டாகும் என்பது அவள் கணக்கு. அது நடந்தால் பட்டம். நடக்காவிட்டால் கடைசி அத்தியாயம் இல்லை. மாதக் கடைசியோடு அவளுடைய ஆறு வருடமும் தீர்கிறது.

நடந்தது. கோடு இரண்டாக விழுந்தது.

அன்றைக்கு அந்த மாடியில் எல்லோருக்கும் பிஸ்கட் கிடைத்தது. பேராசிரியரே இறங்கி வந்து காகிதத்தைப் பார்த்தார். எதற்கும் இன்னொரு தடவை எடுங்கள் என்றார். படிகத்தைத் தகட்டிலிருந்து எடுக்காமல், அப்படியே சூடாக்கித் திரும்பக் குளிரவைத்து எடுத்தார்கள். இரண்டு கோடு. மூன்றாம் தடவையும் இரண்டு கோடு. அடுத்த வாரம் வியாழக்கிழமை, வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து அவளைக் கேள்வி கேட்பதாக ஏற்பாடாயிற்று. அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் மாமியாரிடம் இரண்டு விரலைக் காட்டினாராம். “ரெண்டுதானா? போச்சு, வேலை போச்சு” என்றாராம் மாமியார். மறுநாள் இதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரித்தார்.

சனிக்கிழமை காலை. பாதிப் பேர் வரவில்லை. நான் அளவெடுக்கும் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா செம்புத் தகட்டை வெளியே எடுத்து வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்து, படிகத்தை விரல் நுனியால் நகர்த்தினார். அது நகரவில்லை.

எப்போதும் அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். படிகத்தை க்ரீஸ் வைத்துத்தான் பொருத்துவார்கள், அதுவும் ஒரு மூலையில் ஒரு புள்ளி. ஒரு மூலையில் மட்டும் இருப்பதால் எந்தக் குளிரிலும் அது படிகத்தைப் பிடித்து இறுக்காது. படிகம் தன் பாட்டுக்குச் சுருங்கலாம், விரியலாம். அக்கா இன்னொரு தடவை தள்ளினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். படிகம் இரண்டாக உடைந்தது. பாதி தகட்டிலேயே கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அலமாரியைத் திறந்து, நீல டேப் ஒட்டிய டப்பாவை எடுத்தார். நீலம் என்றால் க்ரீஸ். மூடியைத் திறந்து விரலால் தொட்டார். பிறகு, முதல் தடவையாக, டப்பாவின் மேலிருந்த எழுத்தைப் படித்தார். பக்கத்திலிருந்த மஞ்சள் டேப் டப்பாவையும் எடுத்துப் படித்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வெள்ளை டப்பா. மஞ்சள் என்றால் கெட்டிப் பசை, காய்ந்தால் பாறை.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் படிகத்தைத் தகட்டில் வைப்பதற்கு முந்தைய நாள்தான் அந்த அலமாரியைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினேன். இரண்டு டப்பாவின் டேப்பும் ஊறிக் கழன்று வந்துவிட்டது. எது எதற்கு என்று தெரியவில்லை. அக்கா அன்று விடுப்பு. இதுதான் நீலமாக இருந்தது என்று ஒரு நினைப்பில் ஒட்டிவிட்டேன். கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேட்க மறந்தேன்.

“அக்கா,” என்றேன். “நான்தான். டேப்பை மாத்தி ஒட்டினது நான்தான்.” கழுவிய கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா டப்பாக்களைக் கீழே வைத்தார். “டப்பா மேல பேர் எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும். நான் படிக்கல. கலரைப் பார்த்துக் கை போயிடுச்சு. ஒட்டினது என் கை, தங்கச்சி. உன் கை இல்ல.”

“இப்ப என்னக்கா ஆகும்?”

“செம்பும் சுருங்கும், படிகமும் சுருங்கும். ரெண்டும் ஒரே அளவு சுருங்காது. அடிப்பக்கம் முழுக்கக் கெட்டியா ஒட்டிக்கிட்டா, செம்பு அதை ஒரு பக்கமாப் போட்டு நெரிக்கும்.” உடைந்த துண்டைப் பார்த்தார். “மூலக்கூறு தானா கையை நீட்டல. நாம பிடிச்சு முறுக்கியிருக்கோம். படி தானாச் சாயல.”

“நாமதான் சாய்ச்சுட்டோமா?”

“ஆமா.”

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். வராந்தா காலி. எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் குழந்தையின் குரல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அக்கா, மூணு தடவையும் ரெண்டு கோடுதானே வந்துச்சு. படிகம் உடைஞ்சுபோச்சுன்னு மட்டும் சொன்னா யாருக்குத் தெரியப்போகுது? அந்தப் பொண்ணு பாவம்.”

அக்கா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மிஷின் பொய் சொல்லல. படிகமும் பொய் சொல்லல. அழுத்தினாங்க, பிரிஞ்சுது. நடுவுல நான் ஒருத்தி எதுக்குப் பொய் சொல்லணும்?” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

சின்ன டாக்டர் அரை மணியில் வந்துவிட்டாள். தலை கூடச் சரியாக வாரவில்லை. அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் உடைந்த படிகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப அந்த ரெண்டாவது கோடு?”

“நான் போட்டது. உன் பொருள் போட்டது இல்ல. மிச்சம் ரெண்டு படிகம் வெச்சிருக்கியே, அதுல ஒண்ணைக் குடு. க்ரீஸ் வெச்சு எடுத்துப் பார்ப்போம்.”

எடுத்தார்கள். நான் நாற்காலி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து கடவுளிடம் கேட்டேன். இரண்டு கோடு கொடு என்று கேட்க வாய் வரவில்லை. உள்ளது எதுவோ அதைத் தாங்குகிற மனதைக் கொடு என்றுதான் கேட்டேன்.

ஒரு கோடு விழுந்தது. ஊசி போல, நேராக, ஒன்றே ஒன்று.

“இன்னொரு தடவை போடுங்கக்கா.”

போட்டார். ஒன்று.

“இன்னொரு தடவை.”

மூன்றாம் தடவையும் போட்டார். சின்ன டாக்டர் காகிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். “ஒரு வாரம் முன்னாடியே படிச்சுப் பார்த்திருக்கலாமே, அக்கா. ஒரு டப்பா மேல எழுதியிருக்கிறதுதானே,” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடத் தேவலை.

“பார்த்திருக்கணும்,” என்றார் அக்கா.

நான் டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறிப்போன பிறகு அக்கா உடைந்த துண்டை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஒண்ணு யோசிச்சுப் பாரு. அந்தப் படியில ஒரே ஒரு இடம்தான் இருந்திருந்தா, நான் எவ்வளவு நெரிச்சாலும் ஒரு கோடு ரெண்டாகியிருக்காது. கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ரெண்டாச்சுன்னா, அங்க முதல்லேருந்தே ரெண்டு இருந்திருக்கு. ஒரே உயரத்துல.”

சின்ன டாக்டர் தலையை நிமிர்த்தினாள்.

“தெரியாம நெரிச்சோம். இப்பத் தெரிஞ்சே நெரிப்போம். திருகு வெச்சு ஒரு சின்ன இடுக்கி செஞ்சு தர்றேன். ஒரு சுத்து அழுத்து, கோடு எவ்வளவு பிரியுதுன்னு பாரு. ரெண்டு சுத்து அழுத்து, பாரு. தளர்த்தினா திரும்ப ஒண்ணாகுதான்னு பாரு. நீ நினைச்ச கதை இல்ல. ஆனா உண்மையான கதை.”

ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் அந்த அறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் துடைக்கப் போகும்போது மட்டும் பார்ப்பேன். ஒரு சுற்று அழுத்தினால் கோடு கொஞ்சம் அகலமாகும். இரண்டு சுற்றில் நடுவே பள்ளம் விழும். மூன்றில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். தளர்த்தினால், பிரிந்த இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பழையபடி ஒன்றாகிவிடும். “ஏழாவது படி” என்றேன் அக்காவிடம். “ஏழாவது படியேதான். தேவைப்படறப்ப சாய்ச்சுக்கலாம்,” என்றார். செவ்வாய்க்கிழமை மாலை சின்ன டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள். அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “நல்லாத் திட்டணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்” என்றாள். “எழுதி வெச்சிக்க. அடுத்த வாரம் திட்டு,” என்றார் அக்கா.

வியாழக்கிழமை வந்த தேர்வாளர் பழைய அத்தியாயத்தை ஏற்கவில்லை. ஆனால் புதுக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். தப்பு நடந்த விதத்தையும் மறைக்காமல் எழுதிச் சேர்த்து, மூன்று மாதத்தில் திரும்பக் கொடுக்கச் சொன்னார். ஆறு வருடம் ஆறே கால் ஆனது. அவள் டாக்டரானாள். அவளுடைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் அக்காவுக்கு நன்றி எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்குக் கீழே என்னையும் எழுதியிருந்தாளாம். எதற்கு என்று கேட்டேன். “டீக்கு” என்றாள்.

அந்தத் தேர்வாளர் வருவதற்கு முதல் நாள், புதன்கிழமை நடந்ததை இனிமேல்தான் சொல்ல வேண்டும். பேராசிரியர் அளவெடுக்கும் அறைக்கு வந்து அலமாரி முன்னால் நின்றார். கையில் இரண்டு டப்பாவும்.

“எப்படி மாறுச்சு?”

“நான் பேரைப் படிக்கல சார். டேப்பைப் பார்த்து எடுத்துட்டேன்,” என்றார் அக்கா.

“இந்த டேப் எல்லாம் எதுக்கு? இன்னைக்கே கிழிச்சுப் போடுங்க. பேர் ஒண்ணு போதும்.”

நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“தங்கச்சி, அந்த வாளியை வழியில வைக்காதே, சார் தடுக்கிடப்போறார்,” என்றார் அக்கா என்னைப் பார்க்காமலே. பிறகு அவரிடம், “டேப் இருக்கட்டும் சார். எனக்குக் கண்ணு சரியில்ல. அது இல்லன்னா சிரமம். இனிமே ரெண்டையும் பார்த்தே எடுக்கிறேன்,” என்றார்.

பேராசிரியர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மனதில் ஒன்றைக் குறித்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பிரார்த்தனை முடித்து நேரே பேராசிரியர் அறைக்குப் போனேன். டேப்பை மாற்றி ஒட்டியது நான், எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, அக்கா கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் சிரித்தார்.

“நீங்க நல்ல மனசுக்காரங்கம்மா. அவங்களைக் காப்பாத்தணும்னு உங்க தலையில போட்டுக்கிறீங்க. அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்களே, கண்ணு சரியில்லன்னு. போய் வேலையைப் பாருங்க.”

உண்மையைச் சொல்லியும் எடுபடாமல் திரும்பி வந்தேன்.

அக்காவுக்கு ஓய்வு வயது அந்த வருடம். வழக்கமாக அவரைப் போல அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டு வருடம் நீட்டித்துக் கொடுப்பார்கள். அக்காவுக்கு நீட்டிக்கவில்லை. பார்வைக் குறைவு என்று காரணம் எழுதியிருந்ததாம். காகிதத்தை அவர் என்னிடம் காட்டினார். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் காட்டினார்.

“கண் டாக்டர்கிட்டப் போங்கக்கா. ஒரு சீட்டு வாங்கிட்டு வந்து மூஞ்சியில நீட்டுங்க,” என்றேன்.

“நீட்டிட்டு? அப்புறம் டேப்பை என்ன சொல்லி வெச்சிக்கிறது?”

அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “இருபத்தொன்பது வருஷமா குனிஞ்சே உட்கார்ந்தாச்சு. முதுகும் போதும்னு சொல்லுது,” என்றார். அன்று மதியமே எல்லா டப்பாவிலும் டேப்பைப் புதிதாக ஒட்டினார். இந்தத் தடவை மூடியில் இல்லை, டப்பாவின் வயிற்றைச் சுற்றி மூன்று சுற்று. “இனி நீ எந்தச் சோப்பைப் போட்டாலும் வராது, பாரு,” என்றார். ஓய்வுக்கு மிச்சமிருந்த மூன்று மாதமும் அவர் நீல டப்பாவை எடுக்கும்போதெல்லாம் பேரையும் வாய்விட்டு ஒருமுறை படிப்பார். எனக்கும் அந்த ஒரு சொல் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

கணவரின் தங்கை இருக்கிற ஊருக்கே மாமியாரோடு போய்விடுவது என்று முடிவு செய்தார். போகிற அன்று காலை நான் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். மூன்று பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு மாமியார் என்று எண்ணி ஏற்றினார். மாமியார் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, “இன்னைக்கு எத்தனை கோடு?” என்றார். அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. “அப்பாடா, இன்னைக்காவது வீட்டுல இருப்பே,” என்றார் மாமியார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த டேப்பைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பதினோரு வருடமாக வைத்திருந்தது வாய்வரை வந்தது. கேட்கவில்லை. “என்னால உங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சேக்கா,” என்று மட்டும் சொன்னேன். “நாளைக்குப் புதுசா ஒருத்தர் வர்றாராம். எப்படிப்பட்டவரோ.”

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“நேத்தே வந்து பார்த்தார். எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டேன்,” என்றார். “நல்ல மாதிரிதான். பாவம், அவருக்கும் கண்ணு கொஞ்சம் மங்கலாம். டேப் இருக்கட்டும்னு சொல்லிட்டார்.”